வலது காது ஹெப்சிக்கு

பர்ஸை உள்ளே வைங்க அக்கா. டிக்கெட் கேட்டது கண்டக்டர் இல்லை, நான்தான். கண்டக்டர் அதோ பின்வாசலில், கோழிக்கூடையோடு ஏறியவரிடம் மல்லுக்கு நிற்கிறார். "எடுக்காதவங்கல்லாம் எடுத்துக்குங்க... ஏனுங் பச்சச் சீல, எங்க போகோணும்?" பார்த்தீங்களா, முன்சீட்டு மாமாவும் சட்டைப்பையைத் துழாவுகிறார். சிரிக்காதீங்க, காட்டிக் கொடுத்துடுவீங்க.

என் பேர் மௌனிகா. இதுக்கும் சிரிக்காதீங்க. பேர் வைக்கிறப்போ யாருக்குத் தெரியும்?

கிணத்துக்கடவில் ஏறினேன், சுந்தராபுரத்தில் இறங்கணும். அங்கிருந்து போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸ். ஹெப்சி வீடு. முழுப் பேர் ஹெப்சிபா. பத்தாவதிலிருந்து பிளஸ் டூ வரை நானும் அவளும் ஒரே பெஞ்ச். இன்றைக்கு அவளிடம் இந்த ஜியாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடப் போகிறேன். அத்தோடு சரி. இனி அவள் யாரோ, நான் யாரோ. பொறாமையா? எனக்கா? சேச்சே. ஒரு நியாயம்தான். நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

அந்தப் பலாப்பழத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் உருட்டுங்க. முழங்காலில் குத்துது.

பாக்ஸைத் திறக்கிறேன் பாருங்க. காம்பஸ், டிவைடர் எல்லாம் எப்பவோ தொலைந்தாச்சு. உள்ளே இருப்பது எம்பி3 பிளேயர். தீப்பெட்டி அளவுதான். ஹெப்சியின் மாமா கப்பலில் வேலை பார்த்தவர், ஒரு தடவை லீவுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனது. ஸ்பீக்கர் கிடையாது, இயர்போன் போட்டால்தான் கேட்கும். அதில் ஒரே ஒரு பேண்டின் பாட்டுகள்தான் இருந்தன. காப்பர் மெரிடியன். இங்கிலாந்துக்காரர்கள். இப்போது எல்லாரும் தாத்தாவாகியிருப்பார்கள். புரோக்ரெஸிவ் ராக் என்பார்கள் அக்கா. அப்படியென்றால் என்னவென்றால், பாட்டுக்காரர் ரெண்டு வரி பாடிவிட்டு எங்கேயோ கிளம்பிவிடுவார். அப்புறம் பத்து நிமிஷம் ஆர்கன் உருளும், டிரம்ஸ் உருளும். நாம் மறந்தே போன பிறகு அவர் திரும்பி வந்து மூணாவது வரியைப் பாடுவார். "டீ குடிக்கப் போயிருப்பாரு"ன்னு ஹெப்சி சொல்லுவாள். கிடார் மட்டும் ரொம்பக் கம்மி. ராக் என்று பேர் வைத்துக்கொண்டு ஏன் கிடாரில் இவ்வளவு கஞ்சத்தனம் என்று நான் அவர்களை நிறையத் திட்டியிருக்கிறேன். ஹெப்சி என்னை ஒரு மாதிரி பார்ப்பாள்.

மொத்தம் ஏழு ஆல்பம். பிளேயரின் குட்டித் திரையில் அட்டைப்படம் தெரியும், பேர் சரியாகத் தெரியாது. அதனால் நாங்களே பேர் வைத்தோம். வெள்ளை மேடு படம் போட்டது உப்பு. படிக்கட்டு படம் போட்டது மாடிப்படி. விளக்கைச் சுற்றிப் பூச்சி பறப்பது விட்டில். பனியில் பையோடு ஒருத்தர் தனியாக நிற்பது தபால்காரர். இப்படி ஏழுக்கும்.

ஏழையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன பிறகுதான் அந்த விளையாட்டு தொடங்கியது. கல்யாணம்.

சொல்கிறேன், அவசரப்படாதீங்க. ரெண்டு ஆல்பத்தை எடுத்துக்கணும். ஒண்ணு மாப்பிள்ளை, ஒண்ணு பொண்ணு. மாப்பிள்ளையிடமிருந்து ஒரு பாட்டு, பொண்ணிடமிருந்து ஒரு பாட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கி ஒரே பிளேலிஸ்ட்டாக்கணும். ஆனால் அதற்கு முன்னால் பொருத்தம் பார்க்கணும். இவன் பாட்டு புயலாக முடிந்து அவள் பாட்டு முணுமுணுப்பாக ஆரம்பித்தால் அது மூச்சுப் பொருத்தம். ரெண்டு பேருக்கும் ஒரே இடத்தில் ஆத்திரம் வந்தால் கோபப் பொருத்தம். அது இருந்தால் கல்யாணமே கிடையாது. எங்கள் தெருவில் ஆறுச்சாமி என்று ஒரு கல்யாணத் தரகர் இருக்கிறார், வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு இன்னொரு கன்னத்தால் பேசுவார். பொருத்தம் பார்ப்பது முழுக்க அவர் குரலில்தான் நடக்கும். "அம்மிணி, பையன் கொஞ்சம் நீளமுங், ஒரே பாட்டு இருபத்தி மூணு நிமிசம். ஆனா ஒரு கெட்ட பளக்கங் கெடையாதுங். பொண்ணு படிக்கட்டுக் குடும்பம், ஏறுவாங்க, எறங்குவாங்க, நாமதான் அனுசரிச்சுப் போகோணும்."

ஹெப்சி சிரித்துச் சிரித்து பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். அவளைச் சிரிக்க வைப்பது சுலபமில்லை அக்கா. அவள் அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டிக்கே அது முடியாது. என்னால் மட்டும்தான் முடியும்.

கல்யாணம் முடிந்ததும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஷஃபிள் போட்டுக் குலுக்குவோம். குலுக்கியும் பாட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் போனால் ஜோடி நிலைக்கும். முட்டிக்கொண்டால் ரத்து. உப்புக்கும் மாடிப்படிக்கும் செய்து வைத்தது இன்றுவரை நன்றாக இருக்கிறது. உப்புக்கும் விட்டிலுக்கும் பார்த்தது மறுவாரமே பிரிந்தது, விட்டில் அழுத்தமான ஆள். தபால்காரருக்குத்தான் கடைசிவரை அமையவில்லை. பாதி ஆல்பம் ஒரே பாட்டு அவருக்கு. "தங்கமான பையனுங், ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டானுங்." கடைசியில் தபால்காரருக்கும் விட்டிலுக்கும்தான் என்று முடிவு செய்தோம். ஆனால் உடனே இல்லை. பிளஸ் டூ பரீட்சை முடிந்த பிறகு, நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் உட்கார்ந்து செய்வது என்று நிச்சயம் பண்ணி வைத்திருந்தோம். நினைவில் வைச்சுக்குங்க இதை. ரெண்டு பேரும் மட்டும்.

கேட்பது எங்கே? பள்ளிக்கூடத்தில்தான். மதியம், வாட்டர் டேங்க் படிக்கட்டில். போன் கொண்டுவந்தால் பிடுங்கிவிடுவார்கள். பிளேயர் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது, அதனால்தான் இந்த பாக்ஸ். இந்த இயர்போனைப் பாருங்க, பழைய மாடல். இடது ஒயர் குட்டை, வலது ஒயர் நீளம். பாக்ஸ் என் மடியில்தான் இருக்கும், ஏனென்றால் டீச்சர் வந்தால் பேசிச் சமாளிக்கத் தெரிந்தவள் நான். அதனால் குட்டை ஒயர் எனக்கு, நீள ஒயர் அவளுக்கு. இடது காது எனது, வலது காது ஹெப்சியுடையது. ஒரு நாளும் மாற்றியதில்லை. இன்னொரு சட்டமும் உண்டு. யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. இந்த மாதிரி ஒழுங்கு எந்தப் பேண்டுக்கும் எந்த நாட்டிலும் இருந்திருக்காது அக்கா.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

தபால்காரரின் அந்தப் பெரிய பாட்டில், பாட்டுக்காரர் டீ குடிக்கப் போன பிறகு, ஓரிடத்தில் ஒரு மணி அடிக்கும். தேர் மணி இல்லை, கோயில் மணி இல்லை, சின்னதாக, ஒரு டம்ளரைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி. டிங். எனக்கு அந்த ஏழு ஆல்பத்திலும் பிடித்தது அந்த ஒரு டிங்தான். முதல் தடவை கேட்டபோதே ஹெப்சியிடம் சொன்னேன். "மணியா? எங்கடி?" என்றாள். அடுத்த தடவை சரியாக அந்த இடத்தில் விரலைத் தூக்கிக் காட்டினேன். "சும்மா இருடி, கதை விடாத" என்றாள். நானே வாயால் அடித்துக் காட்டினேன். அதோடு கெட்டது. "மணிய நீயே அடிச்சுட்டு பேண்டு அடிச்சதுங்கறயா?" நான் எல்லார் குரலிலும் பேசுகிறவள் இல்லையா, நிஜமாக ஒரு சத்தம் கேட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் மனசுக்குள் இருந்தது.

மணி அடித்த பிறகு அந்தப் பாட்டில் ஒரு காலி இடம் வரும். ஒன்றுமே இருக்காது. லேசாக ஒரு இரைச்சல், அவ்வளவுதான். பேச ரொம்ப வசதியான இடம். ஆறுச்சாமியை நான் அங்கேதான் இறக்குவேன். "ஏனுங் அம்மிணி, பையன் இப்ப மூச்சு வாங்கறானுங், அதுக்குள்ள ஜாதகத்தப் பாத்துருவமுங்..." அந்த இடத்தில் மட்டும் ஹெப்சி சிரிக்க மாட்டாள். கையைத் தூக்கி இப்படிக் காட்டுவாள், உள்ளங்கை என் பக்கம். ஷ்ஷ். ஒரு தடவை கண்ணில் தண்ணீர் நின்றது அவளுக்கு. காலி இடத்தைக் கேட்டு யாராவது அழுவார்களா? அவள் மூக்கை உறிஞ்சுவதை அப்படியே செய்து காட்டினேன். கோபித்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை.

ஆனாலும் நன்றாகத்தான் இருந்தோம் அக்கா. அவள் டப்பாவில் தினமும் ஒரு அவித்த முட்டை வரும். மஞ்சள் எனக்கு, வெள்ளை அவளுக்கு. அப்படி ஒரு பொருத்தம் எங்களுக்கு.

அப்புறம் நேத்ரா வந்தாள்.

பெங்களூரிலிருந்து. அவள் அப்பாவுக்கு இங்கே டிரான்ஸ்பராம். பிளஸ் டூ நடுவில் கொண்டுவந்து எங்கள் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள், ஹெப்சிக்கு வலது பக்கம். எப்படிப் பேசுவாள் தெரியுமா? "ஆக்சுவலி கைஸ், எனக்கு இந்த ஊர் வெயில் ஓகேதான், பட் ஐ மீன்..." இதுதான் அவள். மூக்கும் தொண்டையும் சந்திக்கிற இடத்திலிருந்து பேசுவாள். முதல் நாளே ஹெப்சியின் முட்டையைப் பார்த்து "வாவ்" என்றாள். அவித்த முட்டைக்கு எதுக்கு வாவ்? அவள் முட்டை சாப்பிடுகிறவளும் இல்லை. மஞ்சள் எனக்குத்தான் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு அந்த மஞ்சள் கரு முன்னே மாதிரி இல்லை.

மதியம் படிக்கட்டுக்கு அவளும் வந்தாள். ரெண்டு காது, மூணு பேர். நானா கூப்பிட்டேன்? ஹெப்சி கூப்பிட்டாள். "பாவம்டி, அவளுக்கு யாரத் தெரியும்?" நேத்ரா சும்மா உட்கார்ந்து பார்த்தாள். கல்யாணக் கதையை ஹெப்சி அவளிடம் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும். பொருத்தம், தரகர், குலுக்கல் எல்லாம். அதை எப்படிச் சொல்ல மனசு வந்தது? நேத்ரா கைதட்டிச் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "சோ கியூட்! ஆனா ஏழையும் ஒண்ணாப் போட்டு ஷஃபிள் பண்ணலாமே?"

ஏழையும். ஒன்றாக. கல்யாண மண்டபத்தில் ஏழு வீட்டு ஆட்களையும் ஒரே ரூமில் அடைத்துக் கதவைச் சாத்தியது மாதிரி! நான் ஹெப்சியைப் பார்த்தேன். அவள் கொதித்தெழுவாள் என்று பார்த்தேன். அவள் யோசித்துக்கொண்டு, "ம்ம், கேட்டுப் பாக்கலாம்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் நேத்ரா வீட்டுக்குப் போனாள். நேத்ராவிடம் ஒரு ஹெட்போன் இருக்கிறது அக்கா, ரெண்டு பக்கமும் சோற்றுக் குண்டான் கவிழ்த்த மாதிரி காது ரெண்டையும் மூடிவிடும். அதைப் போட்டு காப்பர் மெரிடியன் கேட்டிருக்கிறாள். நானில்லாமல். சட்டம் என்ன ஆச்சு?

திங்கட்கிழமை ஸ்கூல் கேட்டிலேயே ஓடி வந்தாள். மூச்சு வாங்குகிறது. "மௌனி! மணி இருக்குடி! நீ சொன்னது நெசமாவே இருக்குடி! டிங்னு, தனியா, என்ன அழகு தெரியுமா!"

நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்க? சந்தோஷப்படுவீங்களா? நான் எத்தனை தடவை விரலைத் தூக்கிக் காட்டியிருப்பேன்! அப்போதெல்லாம் கதை விடுகிறேன். நேத்ராவின் குண்டான் சொன்னதும் நெசமாம். ஒரே பெஞ்சில் இருக்கிறவள் சொன்னால் நம்பிக்கை இல்லை, நேற்று வந்தவளின் சாமானைக் காதில் மாட்டினால் நம்பிக்கை. இதுதான் என் வழக்கு. அவ்வளவுதான். பொறாமை எங்கே இருக்கிறது இதில்?

நான் வேகமாக நடந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள். "மணிக்கு அப்புறம் ஃப்ளூட் வருதுல்ல, அது எப்பவும் நான் கேக்கறதுதான். ஆனா மணி கேட்ட பொறவு அத கேட்டா வேற மாதிரி இருக்குடி. உனக்கு அந்த ஃப்ளூட்..." என்றாள்.

ஃப்ளூட்டா? தபால்காரரிலா? அந்தப் பாட்டில் ஒவ்வொரு தூசியையும் எனக்குத் தெரியும் அக்கா. அங்கே ஃப்ளூட் கிடையாது. மணிக்கு அப்புறம் காலி இடம். நான் மணியைச் சொன்னதற்குப் பழிக்குப் பழியாக இவள் ஃப்ளூட்டைக் கிளப்புகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கே கதை விடுகிறாளா? "மௌனி, இல்லடி, ஒவ்வொரு காதுக்கும் வேற வேற..." என்று என்னவோ சொல்ல வந்தாள். நான் விடுவேனா? நேத்ரா குரலில் ஆரம்பித்தேன். "ஆக்சுவலி கைஸ், ஐ மீன், ஃப்ளூட் இஸ் சோ கியூட், வாவ் முட்டை!" கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஹெப்சி சிரிக்கவில்லை. ரொம்ப மெதுவாக ஒன்று சொன்னாள்.

"நேத்ரா அந்த எடத்துல பேசறதில்ல, மௌனி."

அதுதான் அக்கா. அந்த ஒரு வரி. இங்கே வந்து இப்படிச் செருகிக்கொண்டு நிற்கிறது. பஸ்ஸில் வரும்போதும் நிற்கிறது, சோறு உண்ணும்போதும் நிற்கிறது. நேத்ரா பேசறதில்லையாம்!

மலுமிச்சம்பட்டியா வந்தாச்சு? இல்லை, இன்னும் ஒத்தக்கால்மண்டபம்தான். ஜன்னலைக் கொஞ்சம் தூக்குங்க, பழ வாசனை தலைக்கு ஏறுது.

சரி, அதற்கு நான் என்ன செய்தேன் என்று கேட்கணுமே? ரெண்டு பேரையும் பிரித்துவிட்டேன். அதாவது, பிரிக்கப் பார்த்தேன். எங்கள் தெரு மெடிக்கல் கடை அண்ணனிடம் போனை வாங்கி ஹெப்சிக்கு அடித்தேன். நேத்ரா குரலில். "ஹெப்சி, ஹாய், இது அப்பாவோட புது நம்பர். ஆக்சுவலி, இனிமே வீட்டுக்கு வராத, ஓகே? ஐ மீன், உன் பேண்டு ரொம்ப ஓல்டு. உன் காதும் பட்டிக்காடு. எனக்கு போர் அடிக்குது." அந்தக் குரலை நேத்ராவின் அம்மாவே கேட்டிருந்தால் "தட்டைக் கழுவி வை"ன்னு பதில் சொல்லியிருப்பார். அவ்வளவு சுத்தம். கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பேசி முடித்தேன். அப்புறம் ஹெப்சி கேட்டாள்.

"மௌனி, அங்க மழை பேயுதா? மொட்டை மாடில துணி கெடந்தா எடுத்துடு, அத்தை தேடுவாங்க."

வைத்துவிட்டேன். அத்தை என்றது என் அம்மாவை. எங்கே பிசகியது என்று இன்றுவரை தெரியவில்லை. 'ஆக்சுவலி'யில் 'லி'யைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். எங்கள் ஹெச்.எம். குரலில் பியூன் அண்ணனைக் கூப்பிட்டு மணி அடிக்க வைத்து ஸ்கூலையே முன்கூட்டி விட்டவள் நான். ஹெப்சியிடம் மட்டும் எந்தக் குரலும் போணியாவதில்லை. யாராகப் பேசினாலும் மௌனி என்றுதான் கூப்பிடுகிறாள். அது ஒரு மாதிரி அவமானம்தானே அக்கா?

கடைசிப் பரீட்சை அன்று ஹாலுக்கு வெளியே நின்றாள். இந்த பாக்ஸை என் கையில் வைத்தாள். "நீயே வச்சுக்க. ரெண்டு காதும் நீயே போட்டுக்க. போட்டுக் கேளு, மௌனி. தபால்காரர." அவ்வளவுதான், பக்கத்தில் நேத்ரா காத்திருந்தாள், போய்விட்டார்கள்.

ரெண்டு காதும் நானே போட்டுக்கணுமாம். அப்படியென்றால் என்ன அர்த்தம்? எனக்கு உன்னோடு கேட்க வேண்டாம், எனக்கு ஹெட்போன் இருக்கிறது, பழைய ஒயரை நீயே கட்டிக்கொண்டு அழு என்றுதானே அர்த்தம்? வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தினமும் கேட்டேன். சட்டத்தை முதலில் உடைத்தவள் அவள்தானே. ஆனால் இடது காதில் மட்டும்தான் போட்டேன். வலது ஒயரைச் சுருட்டி இப்படிப் பையில் வைத்துக்கொள்வேன். அது அவளுடையது. அடுத்தவர் காதைப் பிடுங்கிக் கேட்கிற ஆள் நான் இல்லை அக்கா. எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

நேற்று ராத்திரி அம்மா போனுக்கு ஸ்டெல்லா ஆன்ட்டி கூப்பிட்டார். "மௌனி கண்ணு, நாளைக்கு வந்துருடா. ஹெப்சி ஏதோ கல்யாணம்ங்கறா, தபால்காரருங்கறா, எனக்கு ஒரு எழவும் புரியல. நேத்ரா பாப்பா ஸ்பீக்கர் கொண்டாறாளாம். மூணு பேரும் கேளுங்க. நான் பிரியாணி பண்றேன்." மூணு பேரும்! தபால்காரர் கல்யாணத்துக்கு! ஸ்பீக்கரில்! அதனால்தான் கிளம்பினேன். பிரியாணிக்கு இல்லை. வாசலில் நின்றே பேசப் போகிறேன். முதலில் நேத்ரா குரலில் ஆரம்பித்து, அப்புறம் ஹெச்.எம்., நடுவில் ஆறுச்சாமி, "அம்மிணி, இந்தச் சம்பந்தம் சரிப்படாதுங், நிச்சயத்த முறிச்சுக்கறமுங்"ன்னு பாக்ஸைக் கீழே வைத்து... எப்படியிருக்கு? முறிச்சுக்கறமுங் என்கிற இடத்தில் குரல் கம்முது, இல்லை? அதைச் சரி பண்ணிடுவேன்.

என்ன அக்கா சொல்றீங்க? அந்தப் பொண்ணு சொன்னது நிஜமாவும் இருக்கலாம்ங்கறீங்களா? ஃப்ளூட்டா? நீங்களுமா! அப்படியென்றால் இப்போதே தீர்த்துக்கொள்வோம். நீங்களே சாட்சி. இந்தாங்க, இந்த நீள ஒயர். ஹெப்சியுடையதுதான், ஒரு தடவைக்குப் பரவாயில்லை. வலது காதில் வைங்க, எண்ணெய் இருந்தால் துடைத்துக்குங்க. பாட்டு பெரியது, நான் அந்த இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். இரைச்சலா? அது ராக் அக்கா, அப்படித்தான் இருக்கும். பாட்டுக்காரர் போயாச்சு. இப்போது ஆர்கன். ஆர்கன் இல்லையா? கிடாரா? என்ன அக்கா, உங்களுக்கு எது கிடார் எது ஆர்கன் என்று... சரி விடுங்க. இதோ வருது. இதோ.

டிங்! கேட்டுச்சா? கேட்கலையா? நல்லாக் கேளுங்க, இப்போதுதானே அடித்தது! அட, உங்களுக்கும் கேட்கலையா? சரி, இனிமேல் காலி இடம்தான். "ஏனுங் அம்மிணி, பையன் இப்ப மூச்சு வாங்கறானுங், அதுக்குள்ள..."

எதுக்குக் கையைக் காட்டறீங்க?

ஏன் அக்கா? என்ன?

ஊதறாங்களா? யார் ஊதறாங்க?

குடுங்க.

...

அக்கா, கொஞ்ச நேரம் பேசாதீங்க.

...

இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். இருங்க.

...

மணி அடித்ததும் இது பதில் சொல்லுது அக்கா. ஆமாம், இடது காதில் மணி கூப்பிடுது, வலது காதில் இது வருது. நான் காலி இடம்னு... எவ்வளவு நீளம் பாருங்க, இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. இது முழுக்கவா நான் ஆறுச்சாமி பேசினேன்? ஒவ்வொரு மதியமுமா? அவள் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாளே. ஷ்ஷ், ஷ்ஷ்னு. ஏன்டி அப்பவே அடிச்சுச் சொல்லலை? "வாயை மூடு, ஃப்ளூட் வருது"ன்னு ஒரு அறை விட்டிருக்கலாமே! நானும்தான் மணிக்கு விரலை மட்டும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கிடார் இருக்கு அக்கா. நிறைய இருக்கு. அந்த ஆட்களை எவ்வளவு திட்டியிருப்பேன்.

என்ன அக்கா? ஆமாம். ஹெப்சி சொல்லி நம்பவில்லை, நீங்கள் சொன்னதும் நம்பிவிட்டேன். உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. சொல்லிக் காட்டாதீங்க.

சுந்தராபுரம் தாண்டப் போகுது, இந்த டிரைவர் நிறுத்துகிற ஆள் மாதிரி தெரியலை. இருங்க. "ஹோல்டேய்ய்! சுந்தராபுரம் எறங்கு, எறங்கு, படில நிக்காத!" பார்த்தீங்களா, பிரேக் போட்டுட்டார். கண்டக்டர் முறைக்கிறார், முறைக்கட்டும்.

வாசலில் பேசுவதெல்லாம் வேண்டாம். என்ன குரலில் போய் நின்றாலும் அவள் மௌனி என்றுதான் கூப்பிடப் போகிறாள். நேராக உள்ளே போய் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்கப் போகிறேன். இந்த ஒயரை இன்றைக்கு மாற்றிக்கலாமா என்று. நீளம் எனக்கு, குட்டை அவளுக்கு. பாக்ஸ் அவள் மடியில். மணி அவள் காதில் அடிக்கட்டும். அப்புறம் அவளுக்கு அங்கே ஒன்றும் இருக்காது, வெறும் இரைச்சல்தான். பேச வசதியான இடம். அந்த இடத்தில் அவள் பேசினால் பேசட்டும், சிரித்தால் சிரிக்கட்டும். நான் கையைத் தூக்க மாட்டேன்.

நேத்ராவா? அதுக்கென்ன, அவளிடம்தான் ஸ்பீக்கர் இருக்கிறதே. தின்ன பிரியாணி ஜீரணமாகிற வரைக்கும் வெளி வராண்டாவில் உட்கார்ந்து கேட்கட்டும்.

வரேன் அக்கா. பழத்தைப் பிடிங்க, உருளுது.